விதிவிலக்குகளுக்கு உட்பட்ட நற்பெயர்

ஒரு கடைக்குள் நுழைந்தால் நீங்களும் நானும் கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம். ஆபத்தக்கா பார்ப்பது ஸ்விட்ச் போர்டை. பிறகு கூரை, பிறகு பின்வாசல், பின்வாசலை மறித்து எதையாவது அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு நோட்டம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வணக்கம். அந்த வணக்கத்தோடும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டு வரும்: "இப்பத் தீப்பிடிச்சா எந்தப் பக்கமா ஓடுவீங்க?"

வியாபாரம் செய்கிறவனுக்குக் காலையில் கேட்க வேண்டிய கேள்வியா இது? டயர்கடைக்காரர்தான் முதலில் அவளை ஆபத்து என்று கூப்பிட்டார். ஒரு வாரத்தில் கடைத்தெரு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. அவளும் கண்டுகொள்ளவில்லை. கடைகளுக்குக் காப்பீடு பிடித்துக் கொடுக்கிறவளுக்கு ஆனந்தி என்று பெயர் இருந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவள் பெயர் ஆனந்தியும் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே எட்டுக்குப் பத்தில் ஓர் அறை. அதுதான் அலுவலகம். இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, ஒரு மேஜை. கதவுக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளை, அதற்குப் பக்கத்தில் மணல் வாளி, வாளிக்குமேல் 'சிகரெட் போடாதீர்' என்று ஒரு சீட்டு. வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் உருளையை எப்படிப் பிடிப்பது என்று ஒரு நிமிடப் பாடம் நடக்கும். பாதிப் பேர் அதற்குப் பயந்தே மாடி ஏறுவதில்லை. அதனால் அவளே கடை கடையாக ஏறி இறங்கினாள். பத்தொன்பது வருடம், இருநூற்றுப் பதினான்கு கடைகள்.

அதற்கு முன்னால் எட்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் தட்டச்சு வேலை. மற்றப் பெண்களுக்கு வாழ்த்துக் கடிதம், நன்றிக் கடிதம் என்று நல்லதாக வந்துகொண்டிருக்க, இவளுக்கு விழுந்ததெல்லாம் விதிவிலக்குப் பக்கங்கள். பாலிசியின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்குமே, யாரும் படிக்காத பக்கம், அது. வெள்ளம் இதில் அடங்கும், ஆனால் கூரை ஒழுகினால் அடங்காது; திருட்டு அடங்கும், ஆனால் பூட்டாமல் போனால் அடங்காது. எட்டு வருடம் இதையே தட்டித் தட்டி, அவளுடைய பேச்சும் அப்படியே ஆகிப்போனது. வேறு எதற்கு இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அந்தக் கம்பெனி அவளுக்கு நஷ்டஈடு கொடுத்திருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற சாது மனிதர், ஒரு சாயங்காலம் ஆசையாக, "என்னை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னிக்குத் தேதி வரைக்கும், ஆமா" என்றாள். மனிதர் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் அலைந்தார். மூன்றாம் நாள் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் வந்தது. தினமும் புதுப்பிக்கப்படுகிற ஏற்பாடு இது என்று புரிந்த பிறகு சமாதானமாகிவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்து விழுந்தது. இனிமேல் முகவர்கள் கிடையாதாம். தனக்கென்று அரசாங்க உரிமம் வாங்கிய தரகர்கள் மட்டும்தான் காப்பீடு பிடிக்கலாமாம். மூன்று மாதம் அவகாசம். உரிமம் இல்லாவிட்டால் இருநூற்றுப் பதினான்கு கடைகளும் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றப்படும். தொலைபேசியில் பேசுகிறவனுக்குப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இதை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் கெட்டது. அவளுடைய வருமானம் போகும் என்பதை வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

விண்ணப்பம் பதினேழு பக்கம். முதல் பத்துப் பக்கத்தை அவள் ஒரே உட்காரலில் நிரப்பிவிட்டாள். பதினொன்றாம் பக்கத்தில் வண்டி நின்றது. 'விண்ணப்பதாரரின் வணிக நற்பெயர்' என்று தலைப்பு. வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். ஐந்து வருடத்துக்குமேல் தொழில்முறையில் பழகிய, உறவினர் அல்லாத மூன்று பேர் நற்சான்றுக் கடிதம் தர வேண்டும். இவளுக்கு உரிமம் தரப்போகிறோம், எதிர்ப்பு இருப்பவர்கள் இருபத்தொரு நாளுக்குள் சொல்லலாம் என்று நாளிதழில் அறிவிப்பும் வரும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள்.

காவல் நிலையச் சான்று ஒரே நாளில் கிடைத்திருக்கும். அங்கிருந்த எழுத்தர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில், அவர் மேஜைக்கடியில் ஒரே பிளக் பெட்டியில் ஐந்து ஒயர் செருகியிருப்பதைப் பார்த்துவிட்டாள். பார்த்தால் வாய் சும்மா இருக்குமா? அவர் பேனாவை மூடினார். சான்று ஒன்பது நாள் கழித்து வந்தது.

மூன்று கடிதங்கள்தான் சுலபம் என்று நினைத்திருந்தாள். டயர்கடைக்காரர், மருந்துக்கடையம்மா, அச்சகக்காரர், மூன்று பேரும் பத்து வருடத்துக்குமேல் பழகியவர்கள். மூன்று பேரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும், சொல்லி வைத்த மாதிரி, "நீங்களே எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்கள்.

சரி, என்ன பெரிய விஷயம் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தன்னைப் பற்றித் தானே நல்லது எழுதுவது அத்தனை லேசில்லை. 'எப்போதும் நேர்மையானவர்' என்று எழுதினாள். எப்போதும் என்றால்? டயர்கடைக்காரர் என்ன, எப்போதும் கூடவே இருந்தாரா? அடித்தாள். 'அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர்' என்று எழுதி, கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அடித்தாள். கடைசியில் இப்படி ஒன்று தேறியது:

'இப்பெண்மணியைக் கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக நான் அறிவேன். மேற்படி காலத்தில், என் கடை வளாகத்துக்குள், வேலை நேரத்தில், எனக்குத் தெரிந்த வரை அவர் நேர்மையாக நடந்துகொண்டார். மேற்படி காலத்துக்கு முன்போ பின்போ, என் பார்வைக்கு எட்டாத இடங்களிலோ, அவருடைய நடத்தைக்கு நான் பொறுப்பல்ல. அவருடைய பேச்சால் யாருக்கேனும் விளைந்த மன உளைச்சல் இதில் அடங்காது.'

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது உன்னைப் பத்தியா, பழைய வண்டி ஏதாவது விக்கப்போறியா?" என்று கேட்டார். இதுதான் யோக்கியமாக எழுதும் முறை என்று அவள் அடித்துச் சொன்னாள். வருடங்களை மட்டும் மாற்றி மூன்று பிரதி எடுத்தாள். கையெழுத்துக்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொல்லி மூன்று கடையிலும் மன்றாடினாள். டயர்கடைக்காரர் கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. பத்தொன்பது வருடமாக அவள் நீட்டிய காகிதத்தில் எதைப் படித்தேன், இன்றைக்குப் படிப்பதற்கு என்று கேட்டுவிட்டு, டயருக்குக் காற்றடித்த கையோடு கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் பதிந்தது. அப்போது அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அறிவிப்பு நாளிதழில் வந்து பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் நாள் உரிம அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. ஓர் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது, நகல் இணைத்திருக்கிறோம், விசாரணைக்கு வரவும். நகல் நான்கு பக்கம், கையால் எழுதியது. முதல் வரியிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. 'ஐயா, இந்தப் பெண் நெஞ்சில் ஈரமில்லாதவர்' என்று தொடங்கியிருந்தது. பேக்கரிக்காரர்.

பேக்கரிக்காரர் கதையை இங்கே சொல்லிவிடுவதுதான் நல்லது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் கடையில் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுப்பறை கரியாகிப்போனது. காரணம், அடுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள். அடுப்புக்கு ஆறடிக்குள் காகிதமோ அட்டையோ இருக்கக்கூடாது என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. தீப்பிடிப்பதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஆபத்தக்கா வழக்கமான சுற்றில் வந்து, பெட்டிகளைப் படம் எடுத்து, எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். தீ அணைந்த மறுநாள் பேக்கரிக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய கேக் பெட்டி. அந்தப் படம் மட்டும் காணாமல் போனால் போதும் என்றார், பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். திறந்தால் கேக்குக்கு அடியில் ஒட்டிய உறை ஒன்று.

அரைமணி நேரத்தில் அவள் பெட்டியோடு பேக்கரி வாசலில் நின்றாள். திருப்பிக் கொடுத்தாள். சும்மா கொடுத்திருந்தால் அது மனுஷி செய்கிற காரியம். இவள் ரசீதும் எழுதிக்கொண்டு போயிருந்தாள். 'கேக் ஒன்று, வெட்டப்படாதது. ஒட்டிய உறை ஒன்று, திறக்கப்படாதது. மேற்படி உறையின் உள்ளிருப்பு எனக்குத் தெரியாது. அதற்கு நான் பொறுப்பல்ல.' பெற்றுக்கொண்டதாக அவரைக் கையெழுத்துப் போட வைத்து, ஒரு பிரதியை அவர் கையிலேயே திணித்துவிட்டு வந்தாள். கடை முன்னால் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் கருகிய அடுப்பறையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

படம் கம்பெனிக்குப் போனது. கேட்டதில் பாதிகூடப் பேக்கரிக்காரருக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் குடும்பத்துக்கு அந்தக் கடையில் ரொட்டி கிடையாது. இரண்டு தெரு தள்ளிப் போய் வறட்டு ரொட்டி வாங்கித் தின்றார்கள். தின்றதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்க எதிர்ப்பைப் படித்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று வருடமாகப் பேக்கரியின் பின்பக்கமாகப் போய் வேலையாள் கையிலிருந்து ரொட்டி வாங்கி, வேறு கடையின் பையில் போட்டுக் கொண்டுவந்ததை ஒப்புக்கொண்டார். இந்த ரொட்டி மட்டும் திடீரென்று எப்படி மெத்தென்று ஆனது என்று அவளும் யோசித்ததுண்டு.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் அந்த மனிதர் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். எதற்கு மன்னிப்பு, எந்தத் தேதியில் நடந்த எந்தச் செயலுக்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் பேச்சை விட்டுவிட்டு வேனைக் கழுவப் போனார்.

உரிம அலுவலகம் மூன்றாவது மாடி. விசாரணை அறையில் நீள மேஜை, சுவர் முழுக்கக் கோப்புகள். அதிகாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிசுகிசுவென்றுதான் பேசினார். அவர் கிசுகிசுத்ததால் எதிரில் இருந்தவர்களும் காரணமில்லாமல் கிசுகிசுத்தார்கள். ஆபத்தக்கா உட்காருவதற்கு முன்னால் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கோப்புகளைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காவல் நிலையத்தில் பட்டது போதும்.

அதிகாரி மூன்று கடிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி மன உளைச்சலா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் ஓரம் மடங்கியிருந்த கடிதத்தை நீவிவிட்டாள்.

"இதை யார் எழுதினது?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், அவர்களே எழுதினார்கள் என்று சொல்லியிருப்பார்கள். கையெழுத்து அவர்களுடையது, ஆதாரம் ஏது? அவளுக்கு அது தோன்றாமல் இல்லை.

"நான்தாங்க எழுதினேன். அவங்க கையெழுத்துப் போட்டாங்க."

அதிகாரி மூன்று கடிதங்களிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். விண்ணப்பதாரர் தானே எழுதியது செல்லாது என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. கோபப்பட அவரிடம் குரலும் இல்லை. டயர்கடைக்காரரின் கறுப்புக் கட்டைவிரல் மேலும் கோடு ஏறிப் போனது.

அவளுக்கு உரிமம் அந்த நிமிடம் ஞாபகத்தில் இல்லை. இருநூற்றுப் பதினான்கு கடைகளின் பின்வாசல் அவளுக்குத் தெரியும். எந்தக் கடையில் எந்தப் படி ஆடும், எந்த ஒயர் எலி கடித்தது, எல்லாம் தெரியும். அந்தக் கடைகளில் ஒருத்தருக்குக்கூட அவளைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். கூரியர் வந்தாலும்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்தொன்பது வருடத்தில் அவளைப் பற்றி உட்கார்ந்து, மெனக்கெட்டு, நான்கு பக்கம் கைவலிக்க எழுதிய ஒரே ஆள் பேக்கரிக்காரர். அது அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

எழுதிய ஆள் அடுத்ததாக உள்ளே வந்தார். புதுச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. அவர் ஒருவர்தான் அந்த அறையில் கிசுகிசுக்கவில்லை. நான்கு வருடமாகத் தேக்கி வைத்ததை மூன்றாவது மாடி அதிரும்படி இறக்கினார். இந்தம்மாவுக்கு ஈவிரக்கம் கிடையாது என்றார். ஏழு வருடம் பழகிய மனுஷன், கடை எரிந்து கரிக்கட்டையாக நிற்கிறான், ஒரு சின்ன உதவி கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றுவிட்டாள் என்றார்.

"என்ன உதவி?" என்று அதிகாரி கேட்டார்.

"பெட்டி இருந்துச்சுன்னு சொல்லாதீங்கன்னேன். அவ்வளவுதாங்க."

"பெட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்காக அதைச் சொல்லணுமா?"

அதிகாரி எழுதிக்கொண்டார். பேக்கரிக்காரருக்கு அது உற்சாகம் கொடுத்தது. தான் பட்ட அவமானத்துக்கு ஆதாரமும் வைத்திருப்பதாகச் சொல்லி, கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். கேக் ரசீது. நான்கு வருடமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். ஏழெட்டுப் பேர் பார்க்க நடுத்தெருவில் தன்னிடம் ஒரு கேக்குக்குக் கையெழுத்து வாங்கினாள், இப்படி ஒருத்திக்கு அரசாங்கம் உரிமம் கொடுக்கலாமா என்று கேட்டார்.

அதிகாரி ரசீதைப் படித்தார்.

"உறைக்குள்ள என்ன இருந்துச்சு?"

அப்போதுதான் பேக்கரிக்காரருக்குத் தான் என்ன ஆதாரத்தை யாரிடம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறோம் என்று உறைத்தது. புதுச் சட்டையின் கழுத்து நனைந்தது. அது வந்து, அது வந்து என்றார். அவரும் இப்போது கிசுகிசுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதிகாரி அவரை விட்டுவிட்டு ஆபத்தக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன இருந்துச்சு?"

பணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் யோக்கியதை அங்கேயே நிரூபணம், உரிமம் கையில். பேக்கரிக்காரர் மேல் வழக்கு வரும், கடையை மூட வேண்டியதுதான். நான்கு வருடமாக ரொட்டி தர மறுத்தவர். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க. திறந்து பாக்கலை. அதுலயே எழுதியிருக்கு."

"யூகம்?"

"யூகத்துக்கு நான் பொறுப்பில்லைங்க."

அதிகாரி ரசீதின் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது; சிரிப்பா, தொண்டை வலியா என்று தெரியவில்லை. பேக்கரிக்காரர் பக்கம் திரும்பி, இந்தம்மாவை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். பதினொன்று. உறவா? இல்லை. தொழில்முறைப் பழக்கமா? ஆமாம். ஆக மொத்தம் உங்கள் புகார், இவர் உங்களுக்காகப் பொய் சொல்லவில்லை என்பதுதானா?

"ஆமாங்க" என்றார் பேக்கரிக்காரர், மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு. "எழுதிக்கோங்க. இந்தம்மாவை நம்பி ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியாது. தலைகீழா நின்னாலும் மாற மாட்டாங்க."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அதிகாரி அந்தக் காகிதத்தை எதிர்ப்புக் கோப்பில் வைக்கவில்லை. பதினொன்றாம் பக்கத்தோடு சேர்த்து ஊசி குத்தினார். "இது முதல் கடிதம்" என்றார்.

"நான் எதிர்த்துத்தாங்க வந்தேன்."

"தெரியுது. அதான் நம்பறேன்."

பிறகு ஆபத்தக்காவிடம், இன்னும் இரண்டு பேர் வேண்டும், பத்து நாள் அவகாசம் என்றார். அவர்களே எழுத வேண்டும், அவர்கள் கையால் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்பதில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை இரண்டு தரம் சொன்னார்.

படியிறங்கும்போது பேக்கரிக்காரர் நான்கு படி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "இப்பவும் பெட்டி அங்கதான் இருக்கு. வேற இடமில்லை" என்றார்.

"எத்தனை அடி?"

"அளக்கலை."

"நாளைக்கு வந்து அளக்கறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் மூன்று கடைக்கும் போய் நடந்ததைச் சொன்னாள். சொந்தமாக எழுதித் தாருங்கள் என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது பட்டினி கிடப்பது மாதிரி இருந்தது. அச்சகக்காரர் ஊருக்கெல்லாம் எழுத்து அச்சடிக்கிறவர், சொந்தமாக எழுதச் சொன்னால் வார்த்தை வரவில்லை என்று நழுவிவிட்டார். மருந்துக்கடையம்மா நான்காம் நாள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினாள். மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டில்களை எடுக்கச் சொல்லி ஆபத்தக்கா ஏழு தரம் வந்ததையும், ஏழாவது தரம் அவள் முதுகுக்குப் பின்னால் தான் சொன்ன கெட்ட வார்த்தையையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். பாட்டில்களை எடுத்த இரண்டாம் மாதம் படிக்கடியில் ஒயர் உருகிப் படி கருகியதாம், படி மட்டும்தானாம். அந்தக் கெட்ட வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முடித்திருந்தாள்.

இன்னும் ஒன்று. டயர்கடைக்காரர் அவளைப் பார்த்தாலே பஞ்சர் பார்ப்பதுபோல் கீழே குனிந்துகொண்டார். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், எட்டாம் நாள். பஞ்சர் ஆகாத டயரையெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் வாயைத் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அறைக்குத் திரும்பி, பீரோவைத் திறந்து, இருநூற்றுப் பதினான்கு கடைகளின் பின்வாசல் வரைபடங்களை எடுத்துக் கட்டுக் கட்டாகக் கட்ட ஆரம்பித்தாள். தொலைபேசிப் பிரிவுக்காரன் கேட்டால் கொடுப்பதற்கு. கேட்க மாட்டான் என்றும் தெரியும்.

பத்தாம் நாள் காலை, வீட்டுக்காரர் வேனை எடுக்கும் நேரத்தில் டயர்கடைக்காரர் வாசலில் நின்றார். அறுபது வயதுக்காரர், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி நின்றார். நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"மூணு நோட்டுக் கிழிச்சேன்மா. வரலை. வந்ததை எழுதியிருக்கேன்" என்றார். போய்விட்டார்.

உரிம அலுவலகத்துக்குப் போக அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் தாளைப் பிரித்தாள். எழுத்து ஏறி இறங்கி, கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

'இந்தப் பொம்பளை என் கடைக்கு வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். எதையாவது எடு, எதையாவது நகத்து, எதையாவது மூடுன்னு உசிரை எடுப்பா. எனக்கு எரிச்சலா வரும். ஆனா இவ வந்து பாத்துட்டுப் போன அன்னிக்குத்தான் நான் கடையைப் பூட்டிட்டு நிம்மதியாத் தூங்குவேன். இவ நல்லவ.'

கீழே கையெழுத்து. பக்கத்தில் அதே கறுப்புக் கட்டைவிரல்.

அவள் இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் எழுத்து தெரியவில்லை. பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

அதிகாரிக்குத் தொண்டை சரியாகியிருந்தது. மருந்துக்கடையம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு ஊசி குத்தினார். டயர்கடைக்காரரின் தாளைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் வந்தார்.

"எப்பலேருந்து எப்ப வரைக்கும்னு தேதி எதுவும் இல்லையேம்மா. கேட்டு எழுதி வாங்கிட்டு வர்றீங்களா?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். கடைசி வரியில் காலம் இல்லை, வளாகம் இல்லை, எனக்குத் தெரிந்த வரை என்பதுகூட இல்லை.

"வேணாங்க" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

அதிகாரி முத்திரையை எடுத்தார்.